முகராத எண்ணெய்

வுர்யானி எந்தக் கப்பலின் எண்ணெயை மோந்து பார்க்கிறாளோ, அது கரை திரும்பாது என்று சுரபாயா துறைமுகத்துக் காப்பிக்கடையில் ஒரு மாலுமி சொன்னானாம். அதைக் கேட்ட இன்னொருவன் சொல்லித்தான் பேச்சு அவள் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடம் வரை வந்தது. வந்து சேர்ந்தபோதும் அவள் ஒரு புட்டியை மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடியிருந்தாள்.

கப்பல் எஞ்சின்களின் எண்ணெய் எவ்வளவு கெட்டி என்று அளப்பது அவள் வேலை. வெந்நீர்த் தொட்டியில் நிற்கும் மெல்லிய கண்ணாடிக் குழாயில், ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு எண்ணெய் போகும் நேரத்தைப் பார்த்துக் கணக்கிடுவாள். கணக்கு சென்டிஸ்டோக்கில் வரும். அந்த அலகுக்குப் பெயர் தந்த ஸ்டோக்ஸ் எப்போதோ செத்துப்போன மனிதர்; சென்டி என்றால் நூறில் ஒன்று. "அவர நூறு துண்டா நறுக்கினா ஒரு துண்டுதான் இது" என்பாள், சிரிக்காமல். எண்ணெய் நீர்த்திருந்தால், "பெரியவருக்கு இன்னைக்கு ஒடம்பு சரியில்ல" என்பாள்.

சாப்பாட்டு மேசையிலும் அதே கண்தான். இனிப்பு சோயா சாஸ் புட்டியைச் சாய்த்து, விழும் கறுப்பு நூல் அறுந்து சொட்டாகும் வரை சோற்றைத் தொடமாட்டாள். எதிரே உட்கார்ந்தவர்கள் தட்டோடு இடம் மாறுவார்கள்.

அன்று காலை தார்சோனோ தன் கப்பலின் எண்ணெயோடு வந்தான். தீவுகளுக்குச் சிமெண்டு ஏற்றிப் போகும் பழைய கப்பல், அவன்தான் எஞ்சினியர்.

"அக்கா, இத மட்டும் மோந்து பாக்காதீங்க. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல."

"பயந்தாங்கொள்ளி! ஒன்ன எவ கட்டிக்குவா?" என்றாள். இருந்தாலும் அவன் கண்ணில் விளையாட்டு இல்லாததைப் பார்த்து, புட்டியை மூக்குக்குக் கொண்டு போகாமலே எண்ணெயைக் குழாயில் ஊற்றினாள். புது எண்ணெய்க்கு வரும் எண் அப்படியே வந்தது. கையெழுத்திட்டாள். கப்பல் கிளம்பியது.

மதியம் சோயா நூல் இழுபட்டுக்கொண்டிருக்கும்போது கை நின்றது. மாதக்கணக்கில் எஞ்சினில் வெந்த எண்ணெய் புதுசு மாதிரியே எப்படி இருக்கும்?

தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் மிச்ச எண்ணெய்ப் புட்டியைத் திறந்தாள். டீசல் வாடை முகத்தில் அறைந்தது. எங்கோ கசிந்த டீசல் எண்ணெயை நீர்க்க வைத்திருக்கிறது. புகைக்கரி அதே அளவு கெட்டியாக்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து புது எண்ணெயின் அளவைப் பத்திரமாக வைத்திருந்தன. எஞ்சினின் அடிவயிற்றில் அந்த டீசல் ஆவியாகி, வெடிக்க ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும்.

கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"நம்பரு நல்லாருக்குன்னு நீங்கதானம்மா எழுதிருக்கீங்க? வாசனைக்காக யாராச்சும் கப்பலத் திருப்புவாங்களா?"

"திருப்புங்க! எஞ்சின நிறுத்தச் சொல்லுங்க!"

"தார்சோனோ சொன்னா பாக்கலாம். அவருகிட்டயே பேசிக்கங்க."

தார்சோனோவின் கைப்பேசி எண்ணை அழுத்தினாள். மணி போனது. எஞ்சின் இரைச்சலில் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது? மறுபடி அழுத்தினாள். மணி போய்க்கொண்டேயிருந்தது. கைப்பேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு, திறந்திருந்த புட்டியின் வாயை உள்ளங்கையால் இறுக்கி மூடினாள்.