நஷிலு எறிந்த கற்கள்

என் அண்ணி நஷிலுவுக்குப் பிணந்தின்னிக் கழுகுகள் என்றால் பித்து. எங்கள் தாலேக் ஆற்றுப் பக்கம் மாடு செத்தால் மற்றப் பெண்கள் தோலைப் பற்றிப் பேசுவார்கள். இவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

"ஏண்டி, செத்த மாட்டுப் பக்கத்துல நாள் முழுக்க உக்காந்திருக்கியே, உனக்கும் பங்கு தருதுங்களா?" என்று தண்ணீர்த் துறையில் கேலி செய்வார்கள்.

"எலும்பு மிஞ்சினா சொல்றேன், வந்து வாங்கிக்கோ" என்பாள். வாய்க்கு அவளிடம் பஞ்சமே இல்லை.

கேமராவைக் கொடுத்தவர் நைரோபியிலிருந்து வரும் ஆராய்ச்சிக்காரர் வஞ்சாலா. எத்தனை கழுகு வந்தது, எது எது என்று படத்தோடு அனுப்பவேண்டும். அவர் கொடுத்தது கேமரா மட்டும்தான். உட்காரும் வித்தை அவளுடையது. எப்போதும் அதே சிவப்புத் துணி, காற்றுக்கு எதிர்ப்பக்கம், அசையாமல். முதல் வருஷம் இருநூறு அடிக்குள் போகமுடியவில்லை. ஐந்தாம் வருஷம் நாற்பது அடியில் அமர்ந்து, அவற்றின் கன்னத்து மடிப்புகளை இடமும் வலமுமாக எடுத்தாள். மாட்டுக்கு வைப்பதுபோலவே அவற்றுக்கும் பெயர் வைத்தாள்: செவலை, மயிலை, சுட்டி என்று மொத்தம் அறுபத்துமூன்று.

ஒருமுறை வஞ்சாலா இரண்டு படங்களைக் காட்டி ஒரே பறவை என்றார். அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க வீட்டு மாட்டையும் இப்படித்தான் மாத்திக் கட்டுவீங்களா சார்? இதுக்குக் காதுக்குக் கீழ ரெண்டு மடிப்பு, அதுக்கு மூணு." அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அதன்பிறகு அவளைக் கேட்காமல் அவர் கணக்கை முடித்ததே இல்லை.

போன கோடையில் எங்கள் ஊர்க் கிசேமெயின் சினைப்பசுவைச் சிங்கம் அடித்துப் பாதி தின்றுவிட்டது. மீதியைத் தின்ன அது திரும்பி வரும் என்று, பயிருக்குப் போடும் ஊதாப் பூச்சிமருந்துக் குருணையை அவன் இறைச்சியில் தூவிவிட்டான். ஆத்திரத்தில் எங்கள் ஆட்கள் செய்யும் முட்டாள்தனம் இது. சிங்கத்துக்கு முன்னால் யார் வந்து தின்பார்கள் என்று யோசிப்பதே இல்லை. விடிந்ததும் கிசேமெயின் மனைவி துறையில் இதைச் சொல்ல, அண்ணி குடத்தை அப்படியே போட்டுவிட்டு என் மோட்டார் சைக்கிளில் ஏறினாள். "ஓட்டு கொழுந்தனாரே, இன்னிக்கு மட்டும் மெதுவா ஓட்டினா பேசவே மாட்டேன்!"

நாங்கள் போனபோது பத்துக் கழுகுகள் தரையில் இறங்கிப் பசுவை நோக்கி நடந்துகொண்டிருந்தன. வானத்தில் இன்னும் ஐம்பது போலச் சுற்றிக்கொண்டிருந்தன. அண்ணி கத்திக்கொண்டே ஓடினாள். அவை இரண்டடி நகர்ந்து, திரும்பி அவளைப் பார்த்தன. அவ்வளவுதான். அந்தச் சிவப்புத் துணிதானே, எத்தனை நாள் பழக்கம்! நான் விரட்டியபோது விலகியவைகூட அவள் பக்கமாகத்தான் ஒதுங்கின.

அவள் குனிந்து கல்லை எடுத்தாள். முதல் கல் குறி தப்பியது. வேண்டுமென்றே தப்பவிட்டாளோ என்னவோ. இரண்டாவது, செவலையின் சிறகில் பட்டது.

"போ! என்னை நம்பாதே, போய்த் தொலை!" என்று அழுதுகொண்டே எறிந்தாள். கை ஓயவில்லை. கடைசிக் கழுகும் கிளம்பும்வரை எறிந்தாள். அண்ணன் இறந்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அதற்குள் கிசேமெய் ஈட்டியோடு வந்துவிட்டான். "அக்கா, தள்ளிப் போ! சிங்கத்துக்கு வச்சதைத் தொட்டா நான் மனுஷனா இருக்கமாட்டேன்."

அண்ணி குனிந்தாள். ஒரு பிடி புல்லைப் பிடுங்கி அவன் முன்னால் நீட்டினாள். புல்லை ஏந்தி நிற்பவர்மேல் எங்களில் யாரும் கை ஓங்கக்கூடாது. கிசேமெய் ஈட்டியை மண்ணில் குத்தினான்.

"இப்படிப் புல்லோட வந்து நின்னா நான் என்னதான் பண்றது?"

"விறகு பொறுக்கு தம்பி" என்றாள்.

முள்விறகை அடுக்கினோம். என் வண்டியின் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தினோம். கடைசித் துண்டும் சாம்பலாகும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை. வண்டியை நான் வீடுவரை தள்ளிக்கொண்டுதான் வந்தேன். கோபம் வரவில்லை. இப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் இருக்கிறாளே என்று பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது அவளை இருநூறு அடியில் கண்டாலே கழுகுகள் எழும்பிவிடுகின்றன. துணியை மாற்றிப் பார்த்தாள், பலிக்கவில்லை. ஆனாலும் போகிறாள், எடுக்கிறாள், அனுப்புகிறாள். போன வாரம் வஞ்சாலா போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, எல்லாம் முதுகாவே இருக்கு? முகத்தைக் காணோமே, நான் எதை வச்சு எண்ணுறது?"

"முதுகை வச்சே எண்ணுங்க சார்" என்றாள் அண்ணி. "அறுபத்திமூணும் இருக்கு. ஒண்ணுகூடக் குறையல."