பூலோகம் மாமா முத்திரை குத்திக் கொடுத்த வெற்றுத் தாள்

“எம்பேரு எங்க கெடக்கு? அத மட்டும் வாசிட்டி.”

பூலோகம் மாமா இங்கிலீஷ் பேப்பரைப் பிஸ்கட் பாட்டில்கள்மேல் விரித்தார். விரல் வைத்துக் காட்டினேன்.

“என்ன போட்டிருக்கான்?”

“உங்க சங்கம் சிகரெட் கம்பெனியோட பினாமியாம். சில்லறையா சிகரெட் விக்கிறதத் தடுக்கக் கூடாதுன்னு சர்க்காருக்கு லெட்டர் போட்டீங்களாம். எல்லாம் கம்பெனிச் செலவாம்.”

“எந்தக் கம்பெனி?”

“பேரு போடல மாமா.”

“பாத்தியா! அவன் பேரு கெடையாது. எம்பேரு மட்டும் தெருவுல!”

டீ குடித்துக்கொண்டிருந்த கணேசபாண்டியன் அண்ணாச்சி சிரித்தார். “வே, கம்பெனிக்காரன் செம்பூர்ல ஃப்ளாட் வாங்கிக் குடுத்தானாவே?”

“போவே! ஒழுகுத தகரத்த மாத்த வழியில்ல, ஃப்ளாட்டாம்!”

மும்பை தாராவியில் எங்கள் சந்து முனையில் இருபத்தாறு வருடமாகக் கடை வைத்திருப்பவர் மாமா. சிறுகடைக்காரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வேறு யாரும் முன்வரவில்லை. சங்கத்துக்கு ஆபீஸ் கிடையாது. லெட்டர்பேடும் ரப்பர் முத்திரையும் கடையில் ஒரு டப்பாவில் இருக்கும். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு, “இவர் இன்ன சந்தில் குடியிருக்கிறார்” என்ற கடிதம் அந்த டப்பாவிலிருந்துதான் போகும். நான் பள்ளியில் சேர்ந்ததும் அந்த முத்திரையால்தான். தெரிந்தவன் தாளை நீட்டினால் என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் சந்தில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.

சுடலைக்கண்ணன் தெரிந்தவன். வாராவாரம் கடைக்குச் சிகரெட் போடும் சேல்ஸ்மேன். மாமாவுக்குப் பக்கத்து ஊர்க்காரன். “சித்தப்பா, நம்ம கடைக்காரங்களுக்காக ஒரு லெட்டர். முத்திர குத்தி கையெழுத்துப் போட்டுக் குடுங்க, இங்கிலீஷ்ல நாங்க அடிச்சுக்கிடுதோம்” என்று போன வருடம் கேட்டான். மாமா வெற்றுத் தாளில் போட்டுக் கொடுத்தார்.

சர்க்காரின் இணையதளத்திலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து மாமாவுக்கு வாசித்தேன். “எங்கள் சங்கத்தின் எட்டாயிரம் குடும்பங்கள் பட்டினி கிடக்கும்” என்றது. சங்கத்தில் இருப்பது அறுபத்து மூன்று பேர். அடுத்த வரி: “புகையால் வரும் கேடு மிகைப்படுத்தப்படுகிறது.”

மாமா திரும்ப வாசிக்கச் சொன்னார். தன் தம்பி முத்துசெல்வத்தை நுரையீரல் புற்றுநோய்க்காக எட்டு மாதம் பரேல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்து, கடைசியில் உடலை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தவர் அவர். அந்த வரிக்குக் கீழே அவர் கையெழுத்து.

பேப்பர்காரர்கள் சொன்னதில் பாதி உண்மை. கம்பெனி பணம் இருந்தது. அது எங்கள் சந்துக்கு வரவில்லை. ரயில் ஸ்டேஷனிலிருந்து கடைக்குப் பத்து நிமிடம். பெயரை அச்சில் ஏற்றியவர்களில் ஒருவர்கூட வந்து கேட்கவில்லை. சுடலைக்கண்ணன் போனை எடுப்பதில்லை. சப்ளைக்கு வேறு ஆள் வருகிறான். கடிதம் எழுதிய கம்பெனி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பதில் சொல்ல வேண்டியவர், அதை வாசிக்கவே தெரியாதவர்!

“பேரை எடுக்கச் சொல்லிச் சர்க்காருக்கு எழுதவா மாமா?” என்றேன்.

“அது மட்டும் போதாது. வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டது என் தப்புதான், அதயும் எழுது. சில்லறையா விக்கத் தடை வந்தா யாவாரம் படுக்கும், அது நெசம், அதயும் எழுது. ஆனா பொகையால கேடில்லன்னு நான் சொல்லலன்னு மொத வரியில எழுது. அடிச்சு முடிச்சதும் ஒவ்வொரு வரியா எனக்குத் தமிழ்ல சொல்லு. முழுசாக் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.”