கழிக்குக் கழி ஓர் உருண்டை

என் அம்மா வரலட்சுமியைவிட அதிகமாக நடந்தவர்கள் திருத்தணியில் யாராவது இருந்தால் என் முன்னால் வரச் சொல்லுங்கள், பார்க்கிறேன். காவடி எடுத்து வருகிறவர்களைச் சொல்லாதீர்கள். அவர்கள் ஆடியில் ஒரு தரம் நடந்துவிட்டு வருஷம் முழுக்க அதையே பேசுவார்கள். அம்மா தினமும் நடந்தாள். அதுவும் எங்கேயும் போகாமல் நடந்தாள்.

நாங்கள் தறிக்குடும்பம். மலையடிவாரத்தில் நெசவுக்காரர் தெருவில் வீடு. நைனா பஞ்சாட்சரம் வீட்டுக்குள் குழித்தறியில் உட்கார்ந்து நெய்வார். அந்தத் தறிக்கு வேண்டிய நெடுக்கு நூலை, பாவு என்போம், அதை அம்மா தெருவில் ஓடுவாள். ஓடுவது என்றால் ஓட்டமில்லை. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வரிசையாகக் கழிகளை ஊன்றி, நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, கழிக்குக் கழி அதை மாற்றிப் போட்டபடியே நடக்க வேண்டும். போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி, பாவு முடிகிற வரை அதே வேலைதான். முடிந்ததும் அடுத்த பாவு காத்திருக்கும்.

ஒருநாள் வேலை முடிந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று சொன்னாள்: "இந்தத் தெருவுலயே நான் நடந்த நடைக்குக் காசிக்கே போய்த் திரும்பியிருப்பேன். இனிமே நடந்தா எங்கயாச்சும் போய்ச் சேர்ற மாதிரி நடக்கணும்."

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த அமாவாசைக்குத்தான் தெரிந்தது. அமாவாசையன்று நெசவுக்காரர் வீட்டில் தறி ஓடாது, பாவும் ஓடாது. மற்ற வீடுகளில் அன்றைக்குக் குளித்துச் சாப்பிட்டுப் படுப்பார்கள். அம்மா விடியற்காலையில் எழுந்து, அண்ணன் கங்காதரன், நான், தம்பி துளசிங்கம் மூன்று பேரையும் தட்டி எழுப்பி, ஒரு துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். நந்தியாற்றைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் குன்றின் தலையில் ஏறிப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். எதற்கு என்று அண்ணன் கேட்டான். "மேல இன்னா இருக்குன்னு பார்க்க வேணாமா?" என்றாள். மேலே ஒன்றுமே இல்லை. பாறையும் காற்றும்தான் இருந்தன. ஆனால் எனக்கு அந்தக் காற்று இன்றைக்கும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து மாதம் தவறாமல் ஒரு மலை. ஆர்.கே.பேட்டை போகிற வழியில் இருக்கிற குன்றுகள் அத்தனையிலும் எங்கள் கால் பட்டிருக்கிறது. ஒருதரம் வழி தவறித் தெலுங்குக்காரர் ஊரில் இறங்கி, மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தோம். ஒருதரம் குரங்கு மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. அம்மா அதன் பின்னாலேயே பாறை மேல் ஏறி மூட்டையை மீட்டு வந்தாள். வந்து மூச்சு வாங்கியபடி, "அதுக்கு ஒண்ணு குடுத்துட்டுதான் வந்தேன், பாவம்," என்றாள்.

மூட்டையில் என்ன இருக்கும் என்று கேட்கிறீர்களா? கேழ்வரகு உருண்டை. பண்ணுவது கஷ்டமே இல்லை. கேழ்வரகை வாசனை வரும் வரை வறுத்துக் கல் எந்திரத்தில் அரைத்துக்கொள்ள வேண்டும். வேர்க்கடலையை வறுத்துத் தோல் ஊதி, வெல்லத்தோடு உரலில் போட்டு இடித்து, அந்தச் சூட்டிலேயே மாவையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியதுதான். நெய்யும் வேண்டாம், பாகும் வேண்டாம், கடலையில் ஊறுகிற எண்ணெயே போதும். யுத்த காலத்தில் அரிசிக்கு வரிசையில் நின்ற ஊர் இது. நெய்க்கு எங்கே போவது? உருண்டை தவிர, பூண்டும் மிளகாயும் நசுக்கிப் போட்ட பொரி ஒரு பொட்டலம். வெள்ளரிப்பிஞ்சு காலத்தில் அதுவும் உப்பும். எங்களுக்கு ஆளுக்கு இரண்டு உருண்டை கொடுப்பாள். தான் ஒன்றுகூட எடுக்க மாட்டாள். கேட்டால், "பிடிக்கும்போதே தின்னுட்டேன்" என்பாள். பச்சைப் பொய்.

எதிர்வீட்டுக் கௌரியம்மாளுக்கு இதெல்லாம் ஆகவே ஆகாது. அந்த மகராசி வாசலில் நின்றுகொண்டு, "நல்ல நாளும் அதுவுமா புள்ளைங்கள இழுத்துகினு காடு மேடு சுத்துறாளே, இவளுக்கு இன்னா வந்துது?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். அம்மா திரும்பி, "நீயும் வாயேன் அக்கா, வாய்க்கு மட்டும் வேலை குடுத்தா கால் கோச்சுக்கும்," என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

நைனா மட்டும் வரமாட்டார். தறிக்கயிறு மாற்ற வேண்டும், குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஆனால் நாங்கள் திரும்பியதும் உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்பார். எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சுனை, ரயில் தெரிந்ததா, மணவூர் வரை தெரிந்ததா என்று துருவித் துருவிக் கேட்பார். சின்ன வயதிலிருந்து குழிக்குள் கால் விட்டு மிதித்தவர். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும். அந்த ஈரம் அவர் முழங்காலில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் முன்னால் நொண்டிக்கொண்டு நடக்க வெட்கப்பட்டார். வீட்டுக்கு நேர் மேலே முருகன் மலை. அதில்கூட அவர் ஏறி வருஷக்கணக்காகிவிட்டது. அடிவாரத்திலேயே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார்.

யுத்தத்தில் நூல் கிடைக்காமல் பாதித் தறிகள் நின்றபோது அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்தான். பர்மாப் பக்கம் போயிருக்கிறான் என்றார்கள். அதற்கப்புறம் வெகுநாள் ஒரு தகவலும் இல்லை. ஒருநாள் காலையில் நைனா தெருவில் வந்து நின்று, மலையைப் பார்த்துக் கைகூப்பி, வாய்விட்டு வேண்டிக்கொண்டார். "முருகா, என் புள்ள உசுரோட வந்துட்டா, என் கால்ல நடந்து படியேறி வர்றேன்."

தெருவே கேட்டது. கௌரியம்மாளும் கேட்டாள்.

யுத்தம் முடிந்து மறு வருஷம் அண்ணன் வந்தான். கறுத்து, இளைத்து, உயிரோடு வந்தான். அம்மா அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே அவனுக்குக் குளிர் காய்ச்சல் கண்டது. வரும், கம்பளியோடு தூக்கித் தூக்கிப் போடும், வேர்த்து விடும், பிறகு மறுபடி வரும். காட்டுக்காய்ச்சல், பட்டாளத்தில் பாதிப் பேருக்கு இருக்கிறது என்று அண்ணனே சொன்னான். நைனா நம்பவில்லை.

"நான் சொன்ன சொல்ல செய்யல. குடுத்தவன் திருப்பிக் கேக்கறான்," என்றார்.

ஆள் சுமக்கிற டோலியில் போகலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். "என் கால்லன்னு சொல்லிட்டேனே" என்று தலையை ஆட்டினார். ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் தனியாகப் போய், கொஞ்சம் படி ஏறி, முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். யாரோ இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டு வந்து விட்டார்கள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அண்ணனுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் நைனாவின் முகத்தைப் பார்க்க முடியாது. பிள்ளை போய்விட்டால் அது தன் காலால்தான் என்று நினைத்த மனுஷனுக்கு நாம் என்ன சொல்லித் தேற்றுவது?

அம்மா தேற்றவில்லை. அடுத்த அமாவாசைக்கு மூட்டையைக் கட்டிவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"எழுந்துருங்க. ஆத்தங்கரை வரிக்கும் போய்ட்டு வரலாம்."

"ஊரு சிரிக்கும்டி."

"சிரிச்சா சிரிக்கட்டும். பல்லு அவங்களுது, காலு நம்முது."

போனார். ஆற்றங்கரை வரைதான். திரும்ப வர மத்தியானமாகிவிட்டது. அடுத்த அமாவாசைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம். அதற்கடுத்து குன்றின் பாதி. காய்ச்சல் விட்டிருக்கிற நாளாக இருந்தால் அண்ணனும் வந்தான். நாங்கள் முன்னால் ஓடாமல் அவர் நடையிலேயே நடக்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. எனக்குப் பொறுமை கிடையாது, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

ஒரு அமாவாசைக்கு நைனா எங்களுக்கு முன்னால் எழுந்துவிட்டார். தானும் ஏதாவது செய்ய வேண்டுமென்று தோன்றியிருக்கிறது. உருண்டையைத் தானே பிடித்து மூட்டை கட்டி வைத்திருந்தார். எங்களுக்கு ஒரே ஆச்சரியம். குன்றில் பாதி ஏறி நிழலில் உட்கார்ந்து வாயில் போட்ட பிறகுதான் சங்கதி தெரிந்தது. வாயைத் திறக்க முடியவில்லை! பாவுக்குக் கஞ்சி போட வைத்திருந்த குருணை மாவை எடுத்து, வெந்நீரும் வெல்லமும் விட்டுப் பிசைந்திருக்கிறார். நூலை விறைப்பாக்குகிற மாவு பல்லை விடுமா? துளசிங்கம் விரலை விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தான். அண்ணன், "பட்டாளத்துலகூட இப்படி ஒண்ணு போடலியே நைனா!" என்று சிரித்ததில் அவனுக்கு விக்கல் வந்துவிட்டது. நைனாவின் முகம் சுருங்கிப் போயிற்று.

அம்மா சிரிக்கவில்லை. ஒரு உருண்டையை எடுத்துக் கடித்து, மென்று, மென்று, முழுசாக விழுங்கினாள். "வெல்லம் சரியா இருக்குது," என்றாள். மலையில் அம்மா தின்று நான் பார்த்த முதல் உருண்டை அதுதான். அவளைப்போல ஒருத்தியை எங்கே தேடுவது சொல்லுங்கள்!

அந்தக் குன்றின் தலைக்கு நைனா ஏறிய மாதம், அம்மா நாள் குறித்துவிட்டாள். முருகன் மலைதான், வருகிற கிருத்திகை. முதல்நாள் எங்களை உட்கார வைத்துப் பாவு கணக்கில் திட்டம் சொன்னாள். "பாவு ஒரே மூச்சுல நிக்குமா? நடுவுல கழி ஊனினாத்தானே நிக்கும்? நீங்கதான் கழி." படி வளைகிற இடத்துக்கு ஒருவராக நாங்கள் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் உருண்டையும் ஒரு செம்புத் தண்ணீரும். நைனா மலையைப் பார்க்கக் கூடாது, கோபுரத்தைப் பார்க்கக் கூடாது. அடுத்து நிற்கிற பிள்ளையை மட்டும் பார்த்து நடக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் ஒரு உருண்டை, கொஞ்சம் தண்ணீர், பிறகு அடுத்த கழி. தாண்டிய கழி ஓடிப்போய் முன்னால் நிற்க வேண்டும்.

கௌரியம்மாள் விடுவாளா? "வேண்டுதல் செலுத்தப் போறவன் வழியெல்லாம் தின்னுகினு போவானா? சாமி குத்தம்!" என்றாள்.

அம்மா நின்றாள். "இந்த மலைமேல நிக்கறவன் வள்ளி குடுத்த தினைமாவ வாங்கித் தின்னவன்தான் அக்கா. அவர் வேண்டிகினது கால்ல நடந்து வரேன்னுதான், காலி வயித்தோட வரேன்னு இல்ல."

நான் முதல் வளைவில் நின்றேன். நைனா என்னை நோக்கி ஏறி வந்ததை என்னால் மறக்க முடியாது. கண் என் முகத்தில்தான். அம்மா ஒரு படி பின்னால் வந்தாள். கையைக் கொடுக்கவில்லை, தொடவும் இல்லை. நைனா வந்து உருண்டையை வாங்கித் தின்றார். அடுத்து துளசிங்கம், அதற்கடுத்து அண்ணன், மறுபடி நான். நாலு கால் மண்டபம் ஒன்று வந்தது. நைனா அதன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மேலே நின்ற அண்ணனுக்குப் பொறுக்கவில்லை, இறங்கி ஓடி வந்தான்.

"நான் தூக்கினு போறேன் நைனா. எனக்காவத்தான வேண்டிகின?"

"கங்காதரா! கழி நகந்தா பாவு அறுந்துடும்டா, உன் எடத்துல போய் நில்லு!" அம்மா போட்ட கூச்சலில் படியில் போகிறவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போய் நின்றான். நைனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தூணை விட்டார்.

ஏறிவிட்டார். வெயில் ஏறுவதற்குள் மேலே போய்ச் சேர்ந்தோம். அரோகரா என்று துளசிங்கம் கத்தியதில் அர்ச்சகரே திரும்பிப் பார்த்தார். அண்ணனின் காய்ச்சல் பிற்பாடு கொயினா மருந்தில்தான் அடங்கியது, அது வேறு சங்கதி. நைனாவின் பயம் அன்றைக்கே அந்தப் படியில் அடங்கிவிட்டது.

தரிசனம் முடிந்து வெளியே வந்து கைப்பிடிச் சுவர் பக்கம் நின்றோம். நைனா கீழே எட்டிப் பார்த்தார்.

"நம்ம தெரு எதுடி?"

"அதோ, புளியமரம் தெரியுது பாருங்க. அதுக்கு இந்தப் பக்கம்."

நைனா வெகுநேரம் பார்த்தார். மேலேயிருந்து பார்த்தால் எங்கள் தெரு ஒரு சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

"அந்த முனையிலேருந்து இந்த முனைதானா?"

"ஆங். அவ்ளோதான்."

"இத்தினி சின்ன தெருவுலயா இத்தினி வருசமும் நடந்த?"

கௌரியம்மாளுக்கும் குரங்குக்கும் ஊருக்கும் பதில் வைத்திருந்த அம்மா, சுவரைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்தபடி நின்றாள். நைனா வேட்டி மடியில் கையை விட்டு ஒரு உருண்டையை எடுத்தார். கடைசி வளைவில் துளசிங்கம் கொடுத்தது. தின்னாமல் வைத்திருந்திருக்கிறார்.

"நீதான் ஒண்ணும் தின்னலியே. இந்தா."

அம்மா அதை வாங்கி நின்றபடியே தின்றாள். தின்று முடித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வெல்லம் கொஞ்சம் கம்மியா போட்டுட்டேன்," என்றாள்.