மூடிய ஹோட்டலின் பதினொரு கேன்

சீகிரியாவில் ஒன்பது ஹோட்டல்களின் குசினிக் கதவுகள். பொம்பளைக்கு எண்ணெய் தர ஏலாது என்று இரண்டு வருடம் விரட்டிய பத்தாவது ஹோட்டல் சமையல்காரர், மூன்றாம் வருடம் தானே கூப்பிட்டது. மாத்தளை டவுனில் முப்பத்தொரு சாப்பாட்டுக் கடை. கணவன் மவுத்தாகி விதவையான பிறகும் நிற்காத மகள் அஸ்ராவின் படிப்பு. கம்பனியின் சேகரிப்பாளர் பட்டியலில் பதினேழாம் இலக்கம். அந்தப் பட்டியலில் இருந்த ஒரே பெண் அவள்தான். என் தங்கச்சி நிஷ்மியா வென்றெடுத்தவை இவை.

பொரித்துக் கறுத்த எண்ணெயைக் கேன்களில் சேர்த்துக் கொடுப்பது அவள் தொழில். கம்பனி அதைக் கப்பலில் அனுப்பும். வெளிநாட்டில் அதை வாகன டீசலாக மாற்றுகிறார்கள். அங்கே பழையதற்குத்தான் விலை கூட. புதிய பாம் எண்ணெயைப் பழையதென்று விற்கிற கள்ளர்கள் இருப்பதால், ஒவ்வொரு லீட்டரும் எந்த அடுப்பிலிருந்து வந்தது என்று அங்கே கேட்பார்கள். பதில் சரியாக இருந்தால்தான் சான்றிதழ். அதற்காக ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஃபோர்ம். உம்மா மவுத்தானதும் இரண்டாம் வகுப்போடு அடுப்படிக்கு வந்துவிட்டவள் தங்கச்சி. வெறும் ஃபோர்மில் பெருவிரலை வைத்துக் கொடுப்பாள். மிச்சத்தைக் கம்பனியில் நிரப்பிக்கொள்வார்கள்.

போன மார்ச் மாத நோன்பில் ஊரெல்லாம் சமோசாவும் பெட்டிஸும் பொரித்தது. மிஞ்சிய எண்ணெயைப் பெண்கள் போத்தல்களில் கொண்டுவந்து அவள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். விதவைக்குக் கொடுக்கும் ஸதகா, தர்மம் அது. கொடுத்தவர் யார் என்று கேட்பது மரியாதையில்லை. அவளும் கேட்கவில்லை. மாதம் பன்னிரண்டு கேன் சேருகிற இடத்தில் இருபத்து மூன்று சேர்ந்தது. ஃபோர்மில் வீடுகளுக்கு இடமே இல்லை.

மே மாதம் வெளிநாட்டுச் சான்றிதழ்க்காரர்களின் பரிசோதகர் ஒருவர் வந்தார். ஃபோர்ம்களைப் புரட்டிய அவர் விரல் ஒரு வரியில் நின்றுவிட்டது. ஒரே ஹோட்டலிலிருந்து பதினொரு கேன் என்று எழுதியிருந்தது. அந்த ஹோட்டல் மார்ச் முழுவதும் திருத்த வேலைக்காக மூடிக் கிடந்தது. அவர் தங்கச்சியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேன்களைப் படமெடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாளிலிருந்து கம்பனி லொறி எங்கள் தெருவுக்கு வரவில்லை.

நான்காம் நாள் கம்பனி உத்தியோகத்தர் மகேஸ்வரன் வந்தார்.

“பெரிய விஷயம் இல்லீங்க அக்கா. நீங்களே புது எண்ணெய் கலந்தீங்கன்னு ஒரு கடுதாசி. பெருவிரல வைங்க, போதும்.”

“நான் கலக்கல்லியே தம்பி.”

“அது எனக்குத் தெரியாதா? ஒங்க ஒருத்தங்கள வெட்டினா மத்த இருபத்தாறு பேரும் தப்பிச்சுக்குவாங்க. இல்லாட்டி கம்பனிக்கே சான்றிதழ் போயிரும்.”

“மூடிக் கெடந்த ஹோட்டல்ல பதினொரு கேன் எழுதினது ஆரு?”

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “எங்கயாச்சும் எழுதத்தானே வேணும்? ஃபோர்ம்ல இருக்கிறது ஒங்க வெரல்தானே அக்கா.”

வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்.

பேர் கேட்காவிட்டாலும் போத்தல் வைத்தவர்களின் நடையும் முந்தானையும் அவளுக்குத் தெரியும். நாற்பத்தொரு வீடு. எண்ணெய் தந்ததை அவர்களே சொன்னால் அவள் பொய்க்காரி ஆகமாட்டாள். நானும் அவளும் வீடு வீடாக ஏறினோம். முதல் வீட்டில் ஆதிபா வாசலை விட்டு விலகவேயில்லை.

“ஸதகாக்குப் பேர் எழுதுவாங்களா? நாளைக்கி வெள்ளக்காரன் வந்து கதவத் தட்டினா எங்கட வீட்டு மனிசன் என்ன செல்லுவாரு? எங்கட பேரப் போட வாணாம் நிஷ்மியா.”

அடுத்த வீட்டில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல், “உம்மா வீட்டுல இல்லையெண்டு செல்லச் சொன்னா” என்றது. ஒன்பதாவது வீட்டுக்குப் போவதற்குள் தெரு முழுக்கக் கதவுகள் சாத்தியிருந்தன.

வியாழன் காலை மகேஸ்வரன் மைப்பெட்டியோடு வந்தார். தங்கச்சி அதைத் தொடாமல் அண்ணனான என் பக்கம் திரும்பினாள்.

“நானா, நான் செல்றத எழுதுங்க.”

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: எண்ணெய் வீடுகளிலிருந்து வந்தது. எந்த வீடுகள் என்று சொல்லமாட்டேன். வெறும் ஃபோர்மில் விரல் வைத்தது என் பிழை. பதினொரு கேனை எழுதியது நானல்ல.

“இது மேல போனா ஒங்க நம்பரும் போயிரும், என் வேலையும் போயிரும்” என்றார் மகேஸ்வரன். “பொலிஸ் வரைக்கும் போகலாம் அக்கா. வெரல மட்டும் வச்சிருங்க.”

“அந்த வெரல வச்சித்தானே தம்பி இவ்வளவும் எழுதினீங்க? இனி அது ஆருக்கும் இல்ல.”

தன் பெயரை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்டும்படி என்னிடம் சொன்னாள். அதைப் பார்த்து, நான் எழுதிய வாக்குமூலத்தின் அடியில் நான்கு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் போட்டாள். அழுத்தியதில் ஷகரப் புள்ளி கடதாசியைத் துளைத்துவிட்டது. மகேஸ்வரன் வெளியே போய் போன் எடுத்தார். “வெரல் வைக்கல, கையெழுத்தே போட்டுட்டாங்க சேர்” என்றது மட்டும் உள்ளே கேட்டது. 

நிஷ்மியா முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2025 மே 22, வியாழக்கிழமை.