ஏழைக் கதை அலமாரியும் நானும்

வாடகைக்குப் புத்தகம் விடுகிறவனுக்கு எதிரிகள் இரண்டு வகை: புத்தகத்தைத் திருப்பித் தராதவர்கள் ஒரு வகை, திருப்பித் தந்துவிட்டு அபிப்பிராயமும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. உங்களில் யாராவது லெண்டிங் லைப்ரரி நடத்தியிருந்தால், நடத்தி நொடித்திருந்தால், அல்லது பக்கத்து வீட்டுக்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு அதை அவர்கள் ஜன்னல் வழியாகவே இன்றுவரை பார்த்துக்கொண்டிருந்தால், நான் சொல்வது புரியும்.

என் கடை பெங்களூர் விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் போகிற சந்தில் இருந்தது. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் திறந்தேன். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். அதற்குப்பிறகு ஒரு சோடா கம்பெனியில் பாட்டில் கிரேட் தூக்கினேன். அந்தக் காலத்தில் ஒரு நாவல் கையில் கிடைத்தது. அதில் மூட்டை தூக்குகிறவன்தான் கதாநாயகன். நம்மைப் போன்றவனை நடுவில் நிறுத்தி இத்தனை பக்கம் எழுத ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டேன். அதனால் கடை திறந்தபோது துப்பறியும் கதை, குடும்பக் கதையோடு, அந்த மாதிரி எழுத்தாளர்களுடைய நாவல்களையும் தேடித் தேடி வாங்கினேன். தறி, தேயிலைத் தோட்டம், தோல் ஷாப்பு, செங்கல் சூளை, தெரு கூட்டுகிறவர்கள் என்று வாசல் பக்கத்தில் ஒரு அலமாரி முழுக்க நிரம்பியது. வாடிக்கையாளர்களே அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: ஏழைக் கதை அலமாரி.

செயலாளரின் ஆசீர்வாதம்

எங்கள் பகுதியில் ஒரு தமிழ் மன்றம் இருந்தது. அதன் செயலாளர் ஒரு பெரிய தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். எழுதி நான் பார்த்ததில்லை. கடை திறந்த புதிதில் ஒருநாள் வந்தார். மற்ற அலமாரிகளை ஏறிட்டும் பார்க்காமல் நேராக ஏழைக் கதை அலமாரிக்குப் போய், ஒவ்வொரு புத்தகமாக எடுத்துத் தலையை ஆட்டினார். “அசல் சரக்கெல்லாம் வச்சிருக்கீங்களே” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. டீ வாங்கி வரச் சொன்னேன்.

டீயைக் குடித்து முடித்து, கிளாஸை என் மேஜையில் வைத்து, கடையில் வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை. அந்த அலமாரியில் இருக்கிற ஒவ்வொரு புத்தகமும் கூலிக்காரர்கள் வீட்டுக்குப் போய், எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையுமாகத் திரும்பி வரவேண்டும், அதை இந்த மனிதர் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அவர் சொன்னது இதுதான்: “ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஏழைங்களைப் பத்தி எழுதினதை ஏழைங்க படிக்க மாட்டாங்க. எங்களை மாதிரி ஆளுங்க படிச்சு மேடையில பேசறதுக்குத்தான் அதெல்லாம்.”

பியானோ வைத்த வீடு

முதல் முயற்சியை ரோஸ்மேரியிடம் செய்தேன். கார்மென்ட்ஸ் ஃபாக்டரியில் காலர் தைக்கிற பெண். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகக் கடைக்கு வருவாள். வாரம் தவறாமல் குடும்பக் கதை எடுப்பவள். அவள் கேட்ட புத்தகம் இல்லை என்று சொல்லி, மில்லில் வேலை செய்கிற பெண்களைப் பற்றிய நாவல் ஒன்றைக் கையில் திணித்தேன். “உன்னைப் பத்தியே எழுதியிருக்கார், பாரேன்” என்று வேறு சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் வரவேண்டியவள் மறுநாளே வந்துவிட்டாள். புத்தகத்தை மேஜைமேல் வைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. சூப்பர்வைசர் கத்துகிறான், தண்ணீர்க் குழாயில் சண்டை நடக்கிறது, புருஷன் குடித்துவிட்டு வருகிறான், எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்று ஒப்புக்கொண்டாள். அப்புறம் என்னம்மா குறை என்று கேட்டேன். “அண்ணா, இதெல்லாம் எங்க லைன் வீட்டுலயே ஓசியில பாக்குறேன். அதைக் காசு குடுத்து வேற படிக்கணுமா? மாடி வீடு, காரு, பியானோ இருக்கற கதையா ஒண்ணு குடுங்கண்ணா. நானும் கொஞ்ச நேரம் அங்க போய் உக்காந்துட்டு வரேன்.”

பியானோ கதையைக் கொடுத்தேன், கோபத்தோடு.

சுவருக்குச் சொந்தக்காரர்

அதற்குள் வீட்டுக்கு வீடு கேபிள் டி.வி. வந்துவிட்டது. சாயங்காலம் வருகிற பெண்கள் கூட்டம் குறைந்தது. கட்டட ஓனர் முனிரெட்டி கண்ணில் இதெல்லாம் தப்பவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு சுவர் சும்மா இருப்பதை அவரால் சகித்துக்கொள்ள முடியாது. தன் மச்சான் பையன் சினிமா சி.டி. வாடகைக்கு விடப்போவதாகவும், வாசல் பக்கத்துச் சுவர் அவனுக்கு வேண்டும் என்றும் சொன்னார். அது ஏழைக் கதை அலமாரி இருந்த சுவர்.

ரோஸ்மேரி திருப்பிய பிறகு அந்த அலமாரியில் ஒரு புத்தகமும் நகரவில்லை என்பது அவருக்குத் தெரியும். தினமும் அந்த வழியாகத்தானே போகிறார். நான் அந்த எழுத்தாளர்கள் யார், யாருக்காக எழுதினார்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கோயில் திருவிழா முடிகிற வரைக்கும் டைம் கொடுத்தார். போகும்போது தன் கன்னடத் தமிழில் சொன்னார்: “நோடி, இங்க பாருங்க, ஏழைங்களுக்கு மனை குடுக்கறது கவர்மென்ட்டு வேலை. நீங்க எதுக்கு என் சுவத்துல குடுக்கறீங்க?”

அட்டை மாற்று வைத்தியம்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாத நாவல் உள்ளே கிழிந்து போனாலும் அட்டையைத் தூக்கி எறிய மாட்டோம். வேறு புத்தகத்தை பைண்டு செய்யும்போது மேலே ஒட்டிக்கொள்ளலாம் என்று சேர்த்து வைப்போம். கையில் துப்பாக்கியோடு ஒரு பெண் நிற்கிற அட்டை ஒன்று என்னிடம் இருந்தது. செங்கல் சூளைத் தொழிலாளர்களைப் பற்றிய நாவலை எடுத்து, தடித்த அட்டை போட்டு, துப்பாக்கிக்காரியை மேலே ஒட்டினேன். தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. கசப்பு மாத்திரைக்குமேல் சர்க்கரை தடவுகிறவனை யாரும் ஜெயிலில் போடுவதில்லை.

ஆட்டோ ஓட்டுகிற அந்தோணி அதை எடுத்துக்கொண்டு போனான். துப்பறியும் கதை தவிர வேறெதையும் தொடாதவன். நான் பயந்துகொண்டே இருந்தேன். திருப்பித் தர வந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது. “இன்னாண்ணா கதை இது? முக்காவாசி ஆகியும் ஒரு கொலைகூட விழல” என்று ஆரம்பித்தான். நான் வேறு புத்தகம் தருவதாகச் சொல்லி எழுந்தேன். கையைக் காட்டி உட்கார வைத்தான்.

“அப்புறம்தான் எனக்கு விளங்குச்சு, குரு. கொலை மொதல் பக்கத்துலயே ஆரம்பிச்சுட்டுது. அந்த மேஸ்திரிதான் கொலைகாரன். கத்தியும் இல்ல, துப்பாக்கியும் இல்ல, பட்டினி போட்டே அந்தக் குடும்பத்தைத் தீத்துட்டான். கடைசி வரைக்கும் ஒரு போலீசும் வரலியே, ஏன்?”

ஒருத்தியையாவது

அதற்குப்பிறகு அட்டை மாற்றவேண்டிய தேவை வரவில்லை. அந்தோணி ஆட்டோ ஸ்டாண்டில் போய்ச் சொல்லிவிட்டான். “போலீசே வராத அந்த மர்டர் கதை இருக்கா?” என்று ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பக்கத்து ஈஜிபுராவிலிருந்து பெயின்ட் அடிக்கிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள் வந்தார்கள். கோயில் திருவிழா முடிந்து முனிரெட்டி அளவு டேப்போடு வந்தபோது அலமாரி கிட்டத்தட்ட காலியாக இருந்தது. “எல்லாம் வித்துட்டீங்களா?” என்று கேட்டார். படிக்கப் போயிருக்கிறது என்றேன். நம்பாமல் அலமாரிக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்துவிட்டு, டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். மச்சான் பையன் எதிர்ச் சந்தில் கடை போட்டான்.

ஆனால் ஆட்கள் வந்தால் அபிப்பிராயமும் வரும். முனியம்மா எங்கள் தெருவைக் கூட்டுகிறவர். அவருக்குப் படிக்கத் தெரியாது. சாப்பாடு முடிந்ததும் புருஷன் படிப்பார், இவர் கேட்பார். தெரு கூட்டுகிறவர்களைப் பற்றிய நாவலைக் கொடுத்தேன். நன்றாகப் போய்க்கொண்டிருப்பதாகத் தினமும் விளக்குமாற்றோடு நின்று சொல்லிவிட்டுப் போவார். பிறகு சில நாள் கடை வாசலில் நிற்காமலே கூட்டிக்கொண்டு போனார். நானே கேட்டேன். கதையின் கடைசியில் கதாநாயகி காய்ச்சலில் செத்துப்போகிறாளாம். அதற்கு முன்னால் கொடுத்த தேயிலைத் தோட்டத்துக் கதையிலும் பெண் செத்தாள். அதற்கும் முன்னால் கொடுத்ததில் தாயும் மகளுமாக இருவர். அந்தச் சாவுப் பக்கத்தைப் படிக்க முடியாமல் புருஷன் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டாராம். அடுத்த வீட்டுக்காரர் வந்து படித்து முடித்தாராம்.

இப்படி எழுதினால்தான் படிப்பவர்களுக்கு மனம் இளகும் என்று நான் எழுத்தாளர் பக்கம் நின்று பேசினேன். முனியம்மா விளக்குமாற்றைத் தரையில் தட்டினார். “எங்களுக்கு எதுக்குய்யா மனசு இளகணும்? எங்களுக்கோசரம் எழுதுறாரு இல்ல அந்த மவராசன்? அப்ப ஒருத்தியையாவது உசுரோட வுடச் சொல்லு!”

எழுதியவரே வந்தார்

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். அந்த எழுத்தாளர்களில் ஒருவருக்கு எங்கள் மன்றம் பாராட்டு விழா எடுத்தது. அழைப்பிதழ் சந்தில் எல்லாருக்கும் வந்தது, எனக்கு வரவில்லை. சரி, இதையும் சேர்த்து வைத்துக்கொள்வோம் என்று இருந்தேன். விழாவன்று மதியம் செயலாளர் என் கடை வாசலில் நிற்கிறார். பக்கத்தில் கதர் சட்டையும் ரப்பர் செருப்புமாக ஒரு முதியவர். தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி அவர் எழுதிய முதல் நாவலை மேடையில் வைத்து மாலை போடவேண்டுமாம். அது அச்சில் இல்லை. மன்றத்தில் இல்லை. எழுதியவரிடமே இல்லை. யாரோ என் கடையைச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் நிதானமாக, செயலாளர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்: “இருக்கு. ஆனா வெளிய போயிருக்கு. ஈஜிபுராவுல, வீட்டு வேலை செய்யற ஒரு அம்மா படிக்கறாங்க.” செயலாளர் சிரிக்கப் பார்த்தார். முதியவர் சிரிக்கவில்லை. “அவங்களைப் பாக்கலாமா?” என்று கேட்டார். அந்தோணி ஆட்டோவிலேயே மூன்று பேரும் போனோம். அந்த வீட்டுக்குப் போகிற வழியில் சாக்கடைமேல் ஒரு பலகை போட்டிருக்கும். முதியவர் தாண்டிவிட்டார். செயலாளர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். காது கேட்கிற தூரம்தான்.

அந்த அம்மாவின் பெயர் தனம். அப்போதுதான் கோரமங்களாவில் வேலை முடித்து வந்து, கதவைத் திறந்துவைத்து வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தின் ஓரமெல்லாம் மஞ்சள். நடுவில் கறிவேப்பிலை ஒன்றை அடையாளம் வைத்திருந்தாள். “தனம், இவர்தாம்மா இந்தக் கதையை எழுதினவரு” என்றேன். எழுந்து கும்பிட்டாள். உட்காரச் சொல்லி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். விழா விஷயத்தைச் சொல்லி, புத்தகம் வேண்டும் என்று கேட்டதும் அதை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். கதையில் ஸ்ட்ரைக் நடக்கிற இடம் வரைக்கும்தான் படித்திருக்கிறாளாம். ஃபாக்டரிக்காரர்கள் கேட்டைத் திறந்துவிட்டுப் பெண்களை உள்ளே கூப்பிடுகிறார்களாம். கதாநாயகி வீட்டில் அடுப்பு எரிந்து நாளாகிவிட்டதாம்.

முதியவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “கவலைப்படாதேம்மா, அவ என்ன பண்றான்னா...” என்று ஆரம்பித்தார். தனம் இரண்டு காதையும் பொத்திக்கொள்ளப் பார்த்தாள், கையில் புத்தகம் இருந்ததால் ஒரு காதைத்தான் பொத்த முடிந்தது. சாக்கடைக்கு அந்தப்பக்கம் செயலாளர், “அம்மா, அஞ்சு மணிக்கு விழா!” என்று குரல் கொடுத்தார். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிக நல்ல வார்த்தைகளைத் தனம் அப்போது சொன்னாள், அவருக்கும் கேட்கிற மாதிரி: “ஐயோ, சொல்லிடாதீங்க சார்! நீங்க எழுதினவரா இருந்தா இருங்க, அவ வேலைக்குத் திரும்பிப் போறாளா இல்லையான்னு நானே படிச்சுத் தெரிஞ்சுக்கணும். இப்ப தரமுடியாது. வேணும்னா நாளைக்கு வாங்க. அங்க நிக்கற ஐயா, மாலையை இவர் கழுத்துல போடுங்க, புஸ்தகத்துக்கு எதுக்கு மாலை?”

ஏழைகளுக்காக எழுதினவர்கள் எல்லாம் பெரிய மனசுக்காரர்கள்தான், ஆனால் ஏழை வீட்டுக்குப் போன புத்தகத்தைத் திரும்ப வாங்குவது எப்படி என்று அவர்களில் ஒருவர்கூட எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை.