தலைப்பை மட்டும் படித்த ஊர்

அடி வாங்குகிறவள் ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை? சாலம்மாளைப் பற்றி ஊரே கேட்ட கேள்வி இது. அடிக்கிறவன் ஏன் போகவில்லை என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேள்விகூட ஆள் பார்த்துத்தான் எழுகிறது.

ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு வெட்டவும் களையெடுக்கவும் போகிறவள் அவள். கணவன் வேடியப்பன் குடிக்காத நாளிலும் அடிப்பான். ஆகவே குடியின் மேல் பழி போட வழியில்லை; ஆனாலும் ஊர் போட்டது. நியாயம் பேச உட்கார்ந்தவர் ராஜாங்கம். நிலமும் வெள்ளை வேட்டியும் இருந்ததால் அறிவும் இருக்கும் என்று ஊர் நம்பியிருந்தது.

"ஆத்தா வூட்டுக்குப் போயி நாலு நாள் இரு, சாலம்மா. அவனுக்குக் கோவம் கம்மியாவட்டும்."

"இந்த வூட்டுக்குக் கல்லு சொமந்தவ நானுங்க. அவர போவச் சொல்லுங்க."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வீடு வேடியப்பன் பேரில் இருந்தது. அவர்களுக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவுமில்லை.

வீட்டில் அடிபடும் பெண்களைக் காக்க ஒரு சட்டம் இருப்பதாகப் பள்ளியில் யாரோ வந்து பேசியதை மகள் தேவதர்ஷினி வந்து சொன்னாள். சாலம்மாள் கள்ளக்குறிச்சிக்குப் போய் அதற்கான அலுவலரைப் பார்த்தாள். பலமுறை அலைந்த பிறகு நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை கொடுத்தது. வேடியப்பன் தாயையும் மகளையும் அடிக்கக் கூடாது. வீடு யார் பேரில் இருந்தாலும் அவர்கள் அங்கே இருக்கலாம். அவன்தான் உள்ளே வரக் கூடாது.

வேடியப்பனுக்கு வந்த ஆணையை ராஜாங்கம் டீக்கடையில் விரித்தார்.

"இன்னா போட்டுக்குது பாருங்க. பாதுகாப்பு ஆணை. பொம்பளைக்குப் பாதுகாப்பு யாரு? புருஷன். கோர்ட்டே இவன்கிட்ட ஒப்படைச்சிட்ச்சி."

ஒருவர்கூட அடுத்த வரியைக் கேட்கவில்லை. வேடியப்பனுக்கு மாலை போட்டு, அவர்களே அழைத்துப்போய் வீட்டுக்குள் விட்டார்கள். அன்று சாயங்காலமே தேவதர்ஷினியின் கன்னத்தில் அவன் விரல்கள் பதிந்தன.

மறுநாள் சாலம்மாள் மகளோடு காவல் நிலையத்தில் நின்றாள். ஆணையை மீறுவது குற்றம் என்று போலீஸார் வேடியப்பனைப் பிடித்துப்போனார்கள். ராஜாங்கத்தையும் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"நான் தலைப்பத்தான் படிச்சேனுங்க" என்றார் அவர். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அதுவாக இருக்கலாம்.

ஜாமீனில் வெளியே வந்த வேடியப்பன் தங்கை வீட்டோடு ஒதுங்கினான். இந்தத் தெருவுக்கே வரவில்லை. சாலம்மாளைப் புகழ அவசரம் வேண்டாம். பிடிவாதத்தைத் துணிவென்று எண்ணிவிடுவது எளிது. அவள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அந்தக் கோடை முழுவதும் அந்த வீட்டில் பயமில்லாமல் தூங்கினாள்.

பள்ளி திறப்பதற்குச் சற்று முன் ஒரு காலையில், மகளைக் கூட்டிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். இந்த முறை யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, துரத்தவுமில்லை. கதவை அவள் பூட்டக்கூட இல்லை.

வெள்ளிமலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இப்போது அவளுக்கு வேலை. அங்கே சாப்பிட உட்கார்ந்த ஊர்க்காரர் ஒருவர் கேட்டார்: "அவ்ளோ அடியிலயும் போவல. செயிச்ச வூட்ட வுட்டுட்டு இன்னாத்துக்கு வந்த?"

"கொழம்பு ஊத்தட்டுங்களா?" என்றாள் சாலம்மாள்.