அப்பா பெயரில் என் கட்டுரைகள்

பேராசிரியர் பதவி உயர்வுக்கான படிவத்தில் இரண்டே கட்டங்கள்தான் என்னைப் படுத்தி எடுத்தன. எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் எழுதினாய், அவற்றை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இரண்டாவதற்கு எங்கள் வட்டாரத்தில் சைட்டேஷன் என்று பெயர். நோய் எதிர்ப்பியலில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு எண்ணிக்கையா குறையப் போகிறது என்ற தெனாவட்டில் கணினியில் என் பெயரைத் தட்டினேன். பாதிதான் வந்தது. அதிகம் பேசப்பட்ட கட்டுரையையே காணோம். அது இல்லாமல் பதவி உயர்வும் இல்லை.

துருவிப் பார்த்ததில், நான் இரண்டு ஆளாக இருந்தேன். கல்லூரிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், நான் பெயர். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. வெளிநாட்டில் இருந்தபோது எழுதியவை எல்லாம் அந்தப் பெயரில் போயிருந்தன. அங்கே குடும்பப் பெயரை முழுதாகப் போட்டுச் சொந்தப் பெயரை ஒற்றை எழுத்தாக நறுக்கிவிடுவார்கள். ஆக, அப்பா பெயர், நான் இனிஷியல். போதாததற்கு அவர் பிறந்தது பிரெஞ்சுக்காரர் காலத்தில். பதிவு செய்த குமாஸ்தா ‘உ’ வரும் இடத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகளும், கடைசியில் யாருக்கும் வேண்டாத ஒரு ‘ஈ’யும் போட்டு வைத்தார். அந்த ஈயை இன்றுவரை யாராலும் ஓட்ட முடியவில்லை.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்க வேண்டியிருந்தது. அதற்கு அப்பாவின் பிறப்புப் பதிவு வேண்டும் என்று உப்பளம் பகுதியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொல்லி, செல்போனில் அந்தப் பட்டியலைக் காட்டினேன். ஈயோடு தன் பெயர் வரிசையாக வருவதைப் பார்த்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயந்தரமே பக்கத்து வீட்டிலும் எதிர்க் கடையிலும் சொல்லியாகிவிட்டது. மகளுக்கு அதில் என்ன பங்கு என்பதைச் சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை.

நோட்டரி வேலை முடிந்த அன்று அப்பா கேட்டார்.

“என் பேரப் போட்டு என்னா எழுதியிருக்காங்க?”

முதலில் என் கட்டுரை எதைப் பற்றி என்று சொன்னேன். குடலில் புழு இருப்பவர்களின் ரத்தத்தில் ஒவ்வாமையைக் கிளப்பும் எதிர்ப்பொருள் எக்கச்சக்கமாக இருக்கும். ஆனாலும் அவர்களில் பலருக்கு ஆஸ்துமா இழுப்பு வருவதில்லை. அவர்களிடம் அதிகமாக இருக்கும் ஒருவகை செல் அதை அடக்கி வைக்கிறது என்று நான் எழுதியிருந்தேன். பிறகு, அதைக் குறிப்பிட்டவர்கள் எழுதியதை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முதல் மூன்று பேர் ஒப்புக்குப் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்திருந்தார்கள். நான்காவது ஆள் அதே சோதனையைச் செய்து பார்த்திருக்கிறார். அந்தச் செல் அதிகம் இருப்பதாகத் தங்களுக்குத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்.

“அவங்க சொல்றது நெஜமா?” என்றார் அப்பா.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கட்டுரையை அதுவரை நான் படித்ததே இல்லை. எண்ணிக்கையில் ஒன்று என்று சேர்த்துக்கொண்டதோடு சரி. கணினிக்குப் பாராட்டியவரும் ஒன்றுதான், மறுத்தவரும் ஒன்றுதான். அப்பாவிடம் பார்த்துச் சொல்கிறேன் என்று மழுப்பிவிட்டு, மொத்த எண்ணிக்கையைப் படிவத்தில் எழுதி அனுப்பினேன். பதவி உயர்வு கிடைத்தது. தேர்வுக் குழுவில் ஒருவரும் அந்த நான்காவது ஆளைப் பற்றிக் கேட்கவில்லை.

எனக்குத்தான் அரித்துக்கொண்டே இருந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் அனுமதி கேட்டுப் புதிதாக ரத்தம் வாங்கி, பழைய சோதனையை முதலிலிருந்து செய்தேன். அவர் சொன்னதுதான் சரி. அந்தச் செல்லை அடையாளம் காண அன்று நான் பயன்படுத்திய சாயம் வேறு செல்களிலும் ஒட்டியிருக்கிறது. நான் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணியிருக்கிறேன். இதழுக்குத் திருத்தம் எழுதினேன். முதலில் வெளிவந்த பெயரிலேயே திருத்தமும் வர வேண்டும் என்றார்கள்.

அதாவது, அப்பா பெயரில். ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிற மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டே போனேன். அவர் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தப்பு என்னுடையது, பெயர் உங்களுடையதாக வரும் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பெயரைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

“சரி, அந்த செல்லு இல்ல. அப்ப அவங்களுக்கு ஏன் இழுப்பு வரல?”

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன். யார் யார் என்னைக் குறிப்பிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்ததில், அதைக் கேட்டே பல வருடம் ஆகியிருந்தது. வெட்கமாக இருந்தது.

“தெரியலப்பா” என்றேன். சொன்ன மாத்திரத்தில், உடனே ஆய்வுக்கூடத்துக்கு ஓட வேண்டும்போல் இருந்தது.